பாட்டனார் காமிராவும் ஐரோப்பிய ஒளியும்

முன்னோர் விட்டுச் சென்ற பொருள்களை நம் வீடுகளில் இரு வகையாகப் போற்றுகிறோம். பாட்டியின் செப்புக் குடமும் அஞ்சறைப் பெட்டியும் நாள்தோறும் கைபட்டுத் தேய்ந்து வாழ்கின்றன. பாட்டனாரின் கைக்கடிகாரமும் காமிராவும் துணியிற் பொதியப்பெற்றுப் பெட்டியின் அடியில் உறங்குகின்றன. இவற்றுள் காமிரா மட்டும் அண்மைக் காலத்தில் மீண்டும் விழித்தெழக் காண்கிறோம். படிப்பிற்காகவோ, தொழிலுக்காகவோ, அங்கு வாழும் மக்களைக் கண்டு வரவோ ஐரோப்பா செல்லும் நம்மவருட் சிலர், சட்டைப்பையில் கைபேசி இருக்கவும், பழைய பிலிம் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். ஆயிரம் படம் எடுக்கும் கருவி கையில் இருக்கப் பன்னிரண்டே படம் எடுக்கும் இந்தப் பெட்டி எதற்கு என்று வீட்டார் கேட்பதும் உண்டு. கேள்வி நியாயமானதே. அக்காமிராவை நினைவுச் சின்னமாகக் கருதிச் சுமந்து செல்பவர் பெரும்பாலும் மங்கலான சுருள்களோடு திரும்புகின்றனர். அதனை ஒரு கருவியாக மதித்து, அதன் குறைகளையும் அறிந்து செல்பவர்க்கே அது படம் தருகிறது. அவ்வாறு அறிந்து செல்வது எங்ஙனம் என்பதையே இங்கே ஆராய்வோம்.

நம் நாட்டு வீடுகளிற் கிடக்கும் பழைய காமிராக்களுட் பல ஐரோப்பாவிற் பிறந்தவை. திரைப்படச் சுருளைக் கொண்டே அசையாப் படமும் எடுக்கலாம் என்று கண்ட ஆஸ்கார் பர்னாக் அமைத்த லைக்கா, 1925-இல் லைப்சிக் நகரத்து வணிகச் சந்தையில் மக்கள் முன் வைக்கப்பெற்றது. வெட்ஸ்லார் என்னும் ஊரிலே அது செய்யப்பட்டது. மேலிருந்து குனிந்து நோக்கும் இரட்டைக் கண் காமிராவாகிய ரோலைபிளெக்ஸ் 1929-இல் பிரவுன்ஷ்வைக் நகரிலிருந்து வெளிவந்தது. நான்கு நிறுவனங்கள் ஒன்றுகூடி 1926-இல் உண்டான ஜைஸ் ஐகான், டிரெஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. அந்நகர் 1945 பிப்ரவரியில் குண்டு வீச்சால் அழிவுற்றது. போருக்குப் பின் ஜெர்மனி பிளவுபட்டபோது அந்நிறுவனமும் மேற்கே ஸ்டுட்கார்ட்டு, கிழக்கே டிரெஸ்டன் என இரண்டாயிற்று. ஆகவே 1950-களில் ஒரே பெயரைத் தாங்கிய காமிராக்கள் இரு நாடுகளிலிருந்து வந்தன. நம் வீட்டுக் காமிரா எப்பக்கத்தது என்று அறிய விரும்புவோர், உடலின் மீதும் லென்சைச் சுற்றியும் பொறித்துள்ள எழுத்துகளை உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு படித்துப் பார்க்கலாம். டிரெஸ்டனில் எர்னமான் தொழிற்சாலையாக இருந்த உயர்ந்த கட்டடம் இன்று தொழில்நுட்பக் காட்சிசாலையாக விளங்குகிறது. அவ்வழியே செல்வோர் தம் காமிராவின் உடன்பிறப்புகளை அங்கே கண்டு வரலாம்.

நிற்க. புறப்படுமுன் செய்ய வேண்டுவன பல. அவற்றுக்கெல்லாம் முன்பாகச் செய்யாதிருக்க வேண்டுவது ஒன்று உண்டு. காமிரா கைக்கு வந்தவுடன் அதன் பின்கதவைத் திறந்துவிடலாகாது. உள்ளே ஒரு சுருள் பாதியில் நிற்கக் கூடும். முப்பத்தைந்து மில்லிமீட்டர் காமிராவானால், சுருளைத் திரும்பச் சுற்றும் குமிழை அம்புக்குறி காட்டும் திசையில் மெல்லத் திருப்ப வேண்டும். விரலை எதிர்த்து ஏதோ இழுப்பது போலத் தோன்றினால் உள்ளே பிலிம் இருக்கிறது என்று பொருள். அகலச் சுருள் காமிராவில், பின்புறத்துச் செந்நிறச் சாளரத்தின் வழியே எண் ஒன்று தெரியலாம்.

ஒளிபட்ட பிலிமில் உருவம் உடனே தோன்றுவதில்லை. வெள்ளி உப்புத் துகள்களில் கண்ணுக்குப் புலனாகாத ஒரு மாற்றமாக அது பதிந்து கிடக்கிறது. கழுவும் இரசாயனமே அதனை வெளிக்கொணர்கிறது. பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் கறுப்பு வெள்ளைச் சுருளில் உருவம் மங்கலாகவேனும் எஞ்சியிருப்பது உண்டு. வெப்பமும் ஈரமும் அதற்குப் பகை. எனினும் முயலாமல் எறிந்துவிடுதல் தகாது. சுருளை இருட்டில் எடுத்து, பழைய பிலிம் கழுவிப் பழகியவரிடம் ஒப்புவிக்க வேண்டும். அது கோடாக்குரோம் வகையாயின் அதன் வண்ணம் இனித் திரும்பாது. 1935-இல் வந்து 2009-இல் உற்பத்தி நின்ற அச்சுருளுக்கு, வண்ணமே கழுவும்போதுதான் ஊட்டப்பெற்றது. அதற்கென அமைந்த தனி முறையில் கழுவுவோர் 2010 இறுதியோடு சுருள்களை ஏற்பதை நிறுத்திவிட்டனர். கறுப்பு வெள்ளையாக ஏதேனும் தேறினால் அதுவே பெரிது. ஐரோப்பியப் படங்களை இன்னொரு முறை சென்று எடுத்துக்கொள்ளலாம். அச்சுருளில் இருக்கும் முகங்களை மீண்டும் எடுக்க வழியில்லை. பயண அவசரத்தில் பலர் இழப்பது இதுதான்.

அடுத்து உடற்சோதனை. கடலோர ஊர்களில் வைத்திருந்த லென்சுகளிற் பூஞ்சை படர்தல் இயல்பு. லென்சைத் திறந்து, பின்புறமிருந்து சிறு கைவிளக்கை அடித்துச் சாய்வாக நோக்கினால் சிலந்தி வலை போன்ற இழைகள் தெரியும். ஓரத்திற் சிறிது இருந்தால் படத்தைப் பெரிதும் கெடுக்காது. நடுவில் வெண்புகை போலப் படர்ந்திருந்தால் பழுதுபார்ப்போரிடம் கொடுத்தே தீர வேண்டும். மடக்குக் காமிராவின் துருத்தியை இருட்டறையில் விரித்து உள்ளே விளக்கை வைத்துப் பார்த்தால், மடிப்பு முனைகளில் ஊசித் துளைகள் விண்மீன் போல் மின்னும். அத்துளை ஒவ்வொன்றும் படத்தில் ஒரு வெண்கறையாகும். சிறு துளையைக் கறுப்புத் துணிப்பட்டையும் பசையும் கொண்டு அடைத்து ஒரு பயணத்தை ஒப்பேற்றலாம். துருத்தியே நைந்திருப்பின் மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

ஷட்டரைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். நெடுநாள் இயங்காத ஷட்டரின் எண்ணெய் பிசினாக இறுகிவிடுகிறது. விரைவான வேகங்கள் ஓரளவு சரியாக இருக்க, ஒரு விநாடி, அரை விநாடி என்னும் மெதுவான வேகங்களில் அது பாதியில் நின்றுவிடும்; அல்லது ஒரு விநாடி என்று குறித்தது மூன்று விநாடி ஓடும். நம் நாட்டு வெயிலிற் படம் எடுத்தவர்க்கு மெதுவான வேகங்கள் மிகுதியும் தேவைப்பட்டிருக்க மாட்டா. ஆதலால் அப்பகுதி பழுதானதை அவரே அறியாதிருந்திருக்கலாம். ஐரோப்பாவிலோ, மாலையிலும் மழையிலும் பேராலயங்களின் உள்ளேயும் நமக்கு வேண்டுவது அதுவே. ஒவ்வொரு வகைக் காமிராவுக்கும் ஒரு கைமுறை உண்டு என்பதையும் அறிதல் வேண்டும். பழைய காம்பூர் ஷட்டர்கள் பலவற்றில், மிக உயர்ந்த வேகத்தைத் தெரிந்துகொண்ட பின்பே வில்லை ஏற்ற வேண்டும். ஏற்றிய பின் அந்த வேகத்துக்குத் திருப்பினால் உள்ளிருக்கும் வில்லுக்குக் கேடு. பழைய லைக்காவிலோ, சுருளை நகர்த்திய பின்பே வேகக் குமிழைத் திருப்ப வேண்டும். ஒன்றிற் பழகிய கை மற்றொன்றைக் கெடுத்துவிடும்.

செந்நிறச் சாளரத்தைப் பற்றியும் ஒரு சொல். அக்காலத்துப் பிலிமில் ஒரு வகை சிவப்பொளியை உணராதது. எனவே சிவப்புக் கண்ணாடி வழியாக எண்ணைப் பார்ப்பதால் தீங்கு விளையவில்லை. இன்று கிடைக்கும் பிலிம்களுட் பெரும்பாலானவை எல்லா நிறங்களையும் உணர்வன. ஆகவே கறுப்பு நாடா ஒன்றை அச்சாளரத்தின் மேல் ஒட்டி, சுருளை நகர்த்தும்போது மட்டும், அதுவும் நம் உடல் நிழலில் நின்று, விலக்கிப் பார்ப்பதே நலம். ஒளிமானி பொருத்திய காமிராவாயின் அதனை நம்பும் முன் சோதித்தல் வேண்டும். செலினிய மானிகள் முதுமையில் வலுவிழக்கின்றன. பாதரச மின்கலத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை, அக்கலங்கள் விலக்கப்பட்டுவிட்டமையால், இன்றைய கலங்களின் மாறுபட்ட மின்னழுத்தத்திற் பிழையாகக் காட்டுகின்றன.

இவ்வளவும் பார்த்தபின் ஒரு சுருளையேனும் உள்ளூரிலேயே எடுத்துக் கழுவிப் பார்க்காமல் விமானம் ஏறுதல் கூடாது. ஒரே காட்சியை ஒவ்வொரு வேகத்திலும் எடுத்து, எந்த எண்ணில் எது நிகழ்ந்தது என்று குறித்து வைத்தால் அக்காமிராவின் குணம் முழுதும் ஒரு தாளில் அடங்கிவிடும். அரை விநாடி என்பது உண்மையில் ஒரு விநாடி என்று தெரிந்துவிட்டால் அது குறையே அன்று, தெரியாதிருத்தலே குறை.

இனி ஒளிக்கு வருவோம். பழைய காமிராவோடு சில வேளைகளில் ஒரு குறிப்பேடும் வந்து சேர்கிறது. இன்ன இடம், இன்ன நேரம், துவாரம் 11, வேகம் நூற்றில் ஒரு பங்கு என்று நேர்த்தியான கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கும். அது போற்றத்தக்க ஏடுதான். ஆயினும் அதனை ஐரோப்பாவில் அப்படியே பின்பற்றினால் படம் கெடும். அது சென்னை வெயிலின் கணக்கு. சென்னை வடக்கே 13 பாகையில் இருக்கிறது; பாரிஸ் ஏறத்தாழ 49 பாகை; லண்டன் 51½; எடின்பரோ 56. டிசம்பர் மாதக் கடைசி வாரத்து நண்பகலிலும் சென்னையில் ஞாயிறு அடிவானத்திலிருந்து 53 பாகை உயரத்தில் நிற்கிறது. அதே நாளில் பாரிஸில் அதன் உச்ச உயரம் 18 பாகைக்குட்பட்டது, லண்டனில் 15, எடின்பரோவில் 11 கூட இல்லை. அதாவது, அங்கே நண்பகல் என்பது நம் ஊரில் காலை ஏழரை எட்டு மணிக்கு நாம் காணும் சாய்ந்த வெயில்தான். தெருவின் ஒரு பக்கத்து மாடி வரிசை எதிர்ப்பக்கத்தை முழுதும் நிழலில் ஆழ்த்திவிடும்.

புகைப்படக்காரர் அனைவரும் அறிந்த ஒரு விதி உண்டு. முழு வெயிலில் துவாரத்தைப் பதினாறில் வைத்து, பிலிமின் வேக எண் நூறானால் ஷட்டரை நூற்றில் ஒரு பங்காக வைக்க வேண்டும் என்பதே அது. ஐரோப்பியக் கோடையில் இவ்விதி நண்பகலில் ஒருவாறு செல்லும். குளிர்காலத்து வெயிலுக்கு ஒன்று அல்லது இரண்டு படி கூடுதலாகத் திறக்க வேண்டும். வானம் மூடிய நாளுக்குத் துவாரம் 5.6 அல்லது 8. பழைய நகரங்களின் குறுகிய சந்துகளில் 4-உம் போதாமற்போகும். வேக எண் நூறுடைய சுருளை ஏற்றிக்கொண்டு நவம்பர் மாதத்தில் பிராகா நகரத்தில் திண்டாடுவதை விட, நானூறு எண்ணுள்ள சுருளை எடுத்துச் செல்வது விவேகம். மாறாக, ஆல்ப்ஸ் மலைப் பனியில் வெயில் எரிக்குமாயின் ஒரு படி குறைத்தே வைக்க வேண்டும். அங்கே மஞ்சள் பில்டர் ஒன்று வானத்தைச் சற்று இருளச் செய்து முகடுகளைப் பிரித்துக் காட்டும்.

குறிப்பேட்டைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் நினைவிற் கொள்க. பிலிமின் வேகத்தைக் குறிக்கும் ஏ.எஸ்.ஏ. எண் முறை 1960-இல் திருத்தப்பட்டபோது, முன்பு பாதுகாப்புக்காகச் சேர்த்திருந்த கூடுதல் அளவு நீக்கப்பெற்றது. அதனால் அதே கறுப்பு வெள்ளைப் பிலிம்களின் எண் ஏறத்தாழ இரட்டித்தது. எனவே அதற்கு முற்பட்ட அட்டவணைகள் ஒரு படி தாராளமானவை. ஜெர்மானிய டின் கணக்கில் 21 என்பது நூறு ஏ.எஸ்.ஏ.-க்குச் சமம். போருக்கு முற்பட்ட சில லென்சுகளில் 4.5, 6.3, 9, 12.5, 18 என்ற வேறு எண் வரிசை இருக்கும். பதினாறைத் தேடி அதிற் காணாது மயங்க வேண்டா, 18-க்குச் சற்று முன்பாக நிறுத்தினாற் போதும்.

ஐரோப்பிய ஒளி குறைவானது என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அதற்கு அநீதி இழைத்தவராவோம். நம் நாட்டில் ஞாயிறு ஏறக்குறையச் செங்குத்தாக மறைகிறது. அந்திப்பொழுது அரை மணிக்குள் இருளாகிவிடுகிறது. வடக்கே அது சாய்ந்து, தயங்கி, அடிவானத்தை ஒட்டியே இறங்குகிறது. ஜூன் மாதத்து லண்டனில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. பாரிஸில் கடிகாரம் பத்தைத் தொடும்போதுதான் ஞாயிறு மறைகிறது. அதன் பின்னும் முக்கால் மணி நேரம் வரை கல்லும் ஆறும் ஒருவகை நீல ஒளியில் நிற்கின்றன. நம் கண்ணுக்குப் பழக்கமில்லாத அந்த நீண்ட மாலையே இப்பயணத்தின் பெரும்பேறு என்போம். முற்பகலில் அருங்காட்சியகங்களைப் பார்த்துவிட்டு, காமிராவை இரவு உணவுக்குப் பின் வெளியே எடுப்பவர் ஏமாற்றமடைவதில்லை.

சாய்ந்த வெயிலால் ஒரு தொல்லையும் உண்டு. லென்சின் பரப்பில் ஒளித்தெறிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சு, ஜைஸ் நிறுவனத்தில் 1935-இற் கண்டுபிடிக்கப்பட்டு, போருக்குப் பின்னரே பரவலாயிற்று. அதற்கு முற்பட்ட லென்சில் எதிர்வெயில் நேரே விழுந்தால் படம் முழுவதும் பால் தெளித்தாற்போல் வெளுத்துவிடும். ஞாயிறு எப்பொழுதும் தாழ்ந்தே நிற்கும் நாட்டில் இது அடிக்கடி நேரும். லென்சுக்கு ஒரு மூடாக்குப் பொருத்த வேண்டும். அது கிடையாவிடின் தொப்பியையோ உள்ளங்கையையோ நிழலாகப் பிடிக்க வேண்டும். முகில் மூடிய நாட்களிலோ இதே லென்சு மிக மென்மையான சாயல்களைத் தருகிறது. ஈரக் கற்பாதையும் புகைபோலும் பனியும் அதன் வழியே வரும்போது புதிய லென்சுகள் தராத ஓர் அமைதி படத்தில் நிற்கிறது.

முதுமையடைந்த காமிராவால் ஒரு நகரத்தையே படம்பிடித்தவர் ஒருவரை இவ்விடத்திற் குறிப்பிடுவது பொருந்தும். செக் நாட்டவரான யோசப் சூடெக் 1896-இற் பிறந்தவர். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தவர். ஒற்றைக் கையுடன் கனமான காமிராக்களையும் முக்காலியையும் சுமந்து பிராகா நகரெங்கும் நடந்தார். ஏறக்குறையத் தம் வயதேயான பழைய கோடக் பனோராமா காமிரா ஒன்று அவருக்குக் கிடைத்தது. லென்சு ஒரு புறமிருந்து மறு புறம் சுழன்று பத்து சென்டிமீட்டர் உயரமும் முப்பது சென்டிமீட்டர் நீளமும் கொண்ட நெகட்டிவை வரையும் கருவி அது. அதனைக் கொண்டு நகரையும் அதன் புறஞ்சேரிகளையும் பல ஆண்டுகள் எடுத்த படங்கள் 1959-இல் நூலாக வந்தன. புதுக் காமிரா கிடையாததால் அவர் அதனை எடுத்தார் என்று எண்ணற்க. அந்த ஆற்றையும் பாலங்களையும் அகன்று கிடக்கும் கூரைகளையும் அதைப் போலக் காண வேறு கருவிக்கு இயலாது என்று கண்டே எடுத்தார்.

பாரிஸில் யூஜின் அட்ஜே செய்ததும் இத்தகையதே. பதினெட்டுக்கு இருபத்து நான்கு சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகள் ஏற்கும் மரக் காமிராவுடன் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், 1927-இல் இறக்கும்வரை, பழைய கடைமுகப்புகளையும் முற்றங்களையும் படிக்கட்டுகளையும் எடுத்துக்கொண்டே இருந்தார். கையடக்கமான காமிராக்கள் வந்த பின்னும் அவர் தம் பெட்டியை மாற்றவில்லை. பிற்காலத்தில் அதே நகரின் இரவுகளை எடுத்த பிராசாய், எவ்வளவு நேரம் லென்சைத் திறந்து வைப்பது என்பதைச் சிகரெட்டு எரியும் நேரத்தைக் கொண்டு அளந்தார் என்பர். அப்படங்கள் 1933-இல் ‘இரவுப் பாரிஸ்’ என்னும் பொருள்படும் பெயரில் நூலாயின. ஒளிமானி கெட்டுவிட்டதே என்று கவலையுறுவோர்க்கு இச்செய்தி தெம்பளிக்கும். சிகரெட்டைப் பரிந்துரைப்பதாக எவரும் கொள்ள வேண்டா.

இவர்களிடமிருந்து பயணிக்கு ஒரு பாடம் உண்டு. இவர்கள் ஒரே ஊரில் நின்றவர்கள். பத்து நாளில் எட்டு நாடு என்னும் சுற்றுலாத் திட்டத்துக்கும் பாட்டனார் காமிராவுக்கும் சிறிதும் பொருந்தாது. அகலச் சுருள் ஒன்றில் பன்னிரண்டே சதுரப் படம்; அதனை மாற்றவே இரண்டு நிமிடம் ஆகும். பழைய லைக்காவிலோ சுருளின் தலைப்பைக் கத்தரியால் நீளமாக வெட்டித்தான் உள்ளே செலுத்த வேண்டும். பேருந்து கிளம்பிவிடும் இடத்தில் இவை ஆகக்கூடிய செயல்களல்ல. ஒரு நகரைத் தேர்ந்துகொண்டு, முதல் நாள் காமிராவின்றி நடந்து, எந்தத் தெருவில் எப்பொழுது வெயில் விழுகிறது என்று கண்டு வைத்து, மறுநாள் அந்நேரத்தில் அங்கே சென்று நிற்பதே முறை. ஈபிள் கோபுரத்திற்குச் சுருளைச் செலவிடுவதை நாம் ஆதரிப்பதற்கில்லை. நல்ல படம் அஞ்சலட்டையாகவே கிடைக்கிறது. அதன் இரவு விளக்கமைப்புக்குப் பதிப்புரிமை உண்டு என்பதால், அப்படத்தை வணிக நோக்கில் வெளியிடுவதற்கும் அனுமதி பெற வேண்டும்.

பேராலயங்களின் உள்ளே முக்காலிக்குப் பெரும்பாலும் இடமளிப்பதில்லை. இங்கே ரோலைபிளெக்ஸ் போன்ற காமிரா தன் மேன்மையைக் காட்டுகிறது. அதனைத் தரையிலோ இருக்கையிலோ வைத்துவிட்டு மேலிருந்து நோக்கலாம். தட்டையான அடிப்பாகம் அசையாது நிற்கும். கம்பி விசையால் அழுத்தி ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று ஒளி கொடுக்கலாம். ஒரு விநாடியைத் தாண்டினால் பிலிமின் உணர்ச்சி குன்றும்; ஆதலின் கணக்கிட்டதற்கு மேல் சிறிது கூட்ட வேண்டும். அக்கண்ணாடித் திரையில் இடம் வலமாகத் தோன்றுவது முதலிற் குழப்பும். அரை நாளிற் பழகிவிடும். வழிபாடு நடக்கும் வேளையிற் காமிராவைத் தொடாதிருத்தலே முறை என்று சொல்லத் தேவையில்லை.

மனிதரைப் படமெடுப்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. ஜெர்மனியில் ஒருவருடைய உருவத்தை அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்பது 1907-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். அதற்குக் காரணமான நிகழ்ச்சி விந்தையானது. 1898-இல் பிஸ்மார்க் இறந்த இரவு, புகைப்படக்காரர் இருவர் இரகசியமாக அவர் அறைக்குள் நுழைந்து சடலத்தைப் படமெடுத்து விற்க முயன்றனர். அவ்வழக்கு எழுப்பிய கொந்தளிப்பே தன் உருவத்தின் மேல் ஒருவருக்குள்ள உரிமையைச் சட்டமாக்கத் தூண்டியது. பிரான்சிலும் இவ்வுரிமை வலுவாகப் போற்றப்படுகிறது. குடும்பத் தொகுப்புக்காக எடுப்பவர்க்கு இது பெரும்பாலும் இடையூறாவதில்லை. எனினும் கேட்டு எடுப்பதே நாகரிகம். பழைய காமிரா இதற்குத் துணையாகவும் அமைகிறது. கைபேசியைக் கண்டு முகம் திருப்புவோர், இந்தப் பெட்டியைக் கண்டால் இது எந்த ஆண்டினது, யாருடையது என்று தாமே வினவுவதுண்டு.

இத்தனை பாடுபட்டு எடுத்த சுருள்கள் வீடு வந்து சேர்வது விமான நிலையத்தைப் பொறுத்தது. கையிற் கொண்டு செல்லும் பைகளைச் சோதிக்கும் பழைய வகை எக்ஸ்ரே கருவி, வேக எண் நானூறு வரை உள்ள பிலிமை ஓரிரு முறை கடந்தாற் கெடுப்பதில்லை. அண்மைக் காலத்தில் அவ்விடத்தில் சி.டி. எனப்படும் புதுக் கருவிகள் வைக்கப்படுகின்றன. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்ஹோல் நிலையம் இவற்றை முதலில் ஏற்றுக்கொண்டவற்றுள் ஒன்று. பையைப் பல கோணங்களிலிருந்து துருவிப் பார்க்கும் இக்கருவியின் கதிர், ஒருமுறை சென்றாலும் கழுவாத பிலிமில் புகைமூட்டத்தையும் அலை போன்ற பட்டைகளையும் விளைவிக்கக் கூடும். சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியைச் சோதிக்கும் கருவிகள் வலிமை மிக்கவை. அப்பெட்டியிற் பிலிமை வைப்பது அறவே கூடாது. கைச்சோதனை செய்யுமாறு பணிவுடன் கேட்கலாம். சுருள்களைக் கண்ணாடிபோன்ற தெளிவான பையில் தனியே வைத்திருந்தால் அதிகாரிக்கும் எளிது. ஆனால் ஐரோப்பாவில் அவ்வேண்டுகோள் எல்லா இடத்திலும் ஏற்கப்படும் என்ற உறுதியில்லை. ஈயம் பூசிய பையை நம்புவோர், உள்ளே இருப்பது தெரியாவிடில் அதிகாரி அதனைத் திறந்து மீண்டும் சோதிப்பார் என்பதை எண்ண வேண்டும்.

ஆதலால் வேறொரு வழியை நாம் விரும்புகிறோம். பிலிமை அங்கேயே வாங்கி அங்கேயே கழுவிக்கொள்வதே அவ்வழி. ஐரோப்பாவிற் பிலிம் செய்யும் தொழில் இன்னும் அழியவில்லை. இங்கிலாந்தில் செஷயர் மாவட்டத்து மாபர்லியில் இல்போர்டு பிலிம்களும், செக் நாட்டு ஹிராடெட்ஸ் கிராலோவேயில் போமா பிலிம்களும் செய்யப்படுகின்றன. கோடக் நிறுவனம் 1901-இற் கொண்டு வந்த 120 என்னும் அகலச் சுருள் இன்றும் அதே அளவில் கிடைப்பதால் ரோலைபிளெக்ஸ் உடையோர்க்கும் பழைய மடக்குக் காமிரா உடையோரிற் பலர்க்கும் கவலையில்லை. 620 என்று குறித்த காமிராவுக்கு மட்டும், உற்பத்தி நின்றுவிட்டமையால், 120 சுருளை இருட்டில் பழைய கட்டைக்கு மாற்றிச் சுற்ற வேண்டும். அப்பழைய கட்டைகளை எறிந்துவிடாமல் பேணுக. பெருநகரங்களிற் பிலிம் கழுவும் நிலையங்கள் உண்டு. புறப்படுவதற்கு மூன்று நான்கு நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும். கழுவிய நெகட்டிவை எந்தக் கதிரும் ஒன்றும் செய்யாது. அதனை எந்தப் பையில் வைத்தாலும் அச்சமில்லை.

குளிர் நாட்டில் இன்னும் ஒரு கவனம் வேண்டும். வெளியே உறைபனியில் நின்ற காமிராவை வெதுவெதுப்பான அறைக்குள் அப்படியே கொண்டுவந்தால் லென்சிலும் உள்ளிருக்கும் பகுதிகளிலும் நீர் படியும். வாயிலிலேயே அதனைக் காற்றுப் புகாத பையிலிட்டுக் கட்டி, உள்ளே வந்தபின் ஒரு மணி நேரம் கழித்துப் பிரித்தால் ஈரம் பையின் வெளிப்புறத்திலேயே தங்கிவிடும். ஊர் திரும்பியபின் இதற்கு நேர்மாறான பகை, நம் கடற்காற்று, காத்திருக்கிறது. அழகிய தோல் உறையைக் காமிராவிலிருந்து கழற்றித் தனியே வைக்க வேண்டும். ஈரத்தை ஈர்த்துப் பூஞ்சையை வளர்ப்பது அதுவே. மூடி இறுகிய டப்பாவில் சிலிக்காப் பொடியுடன் காமிராவை வைத்து, மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, எல்லா வேகங்களிலும் ஷட்டரை ஓட்டிவிட்டு மீண்டும் வைக்கலாம். நெகட்டிவ் உறைகளின் மேல் ஊர், நாள், துவாரம், வேகம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி, அப்பழைய குறிப்பேட்டில் மீதியிருக்கும் பக்கங்களிலும் அவற்றைப் பெயர்த்து எழுதிவிடலாம். சென்னை வெயிலுக்கு அடுத்த பக்கத்திலேயே பிராகாவின் நவம்பர் மாதமும் இடம்பெறும்.